ஆயிரத்துப் பத்தொன்பதாவது மாணவர்

"தம்பி, சரியா ஆயிரத்துப் பதினெட்டு வந்ததும் நின்னு போயிருதுங்க. மூடித் தொறந்தா மறுபடி ஓடுதுங்க."

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவிலிருந்து வந்த அழைப்பு அது. பேசியவர் இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பிரிவில் இருக்கும் அக்கா. செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள். 3,412 மாணவர்களுக்கு ஹால் டிக்கெட் அச்சாக வேண்டும். ப்ரோக்ராம் பாதியில் நின்றுவிடுகிறது.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயும் இருந்தது, நோயின் முகவரியும் இருந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. "எந்த மாணவர்கிட்ட நிக்குதுங்க அக்கா?" என்று கேட்டேன். அந்தத் தவறான கேள்விக்கு இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பல தடவை சரியாக ஓடிவிட்டுத் திடீரென்று விழும் ஃபங்ஷனை (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் ப்ரோக்ராம் துண்டை) எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அதில்தான்.

முதலில் அந்த ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பைத்தான் என்ற ப்ரோக்ராம் மொழியில் எழுதியது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எழுதியது, நல்ல கை. ஒரு மாணவரின் பதிவெண்ணைக் கொடுத்தால் ஒரு ஹால் டிக்கெட்டை பி.டி.எஃப் ஆகக் கொடுக்கும். மாணவர் பெயர் தமிழிலும் வர வேண்டும் என்பது கல்லூரியின் விருப்பம். இங்கேதான் ஒரு சிக்கல். அவர் பயன்படுத்திய பழைய பி.டி.எஃப் லைப்ரரிக்கு, அதாவது பி.டி.எஃப் உருவாக்கத் தயாராக எழுதி வைத்த ப்ரோக்ராம் தொகுப்புக்கு, தமிழைக் கோர்க்கத் தெரியாது. 'கெ' என்று எழுதச் சொன்னால் ககரத்தை முதலில் வைத்து ஒற்றைக் கொம்பைப் பின்னால் ஒட்டும். கொக்கியும் காலும் திசைக்கொன்றாக நிற்கும். பெற்றோர் வைத்த பெயரை அப்படி அச்சடித்துக் கொடுக்க முடியாது. அதனால் பெயரை மட்டும் பில்லோ என்ற பட லைப்ரரியில் படமாக வரைந்து, அந்தப் படத்தை ஒரு தற்காலிகக் கோப்பில் சேமித்து, அதை பி.டி.எஃப்-இல் ஒட்டி, கடைசியில் தற்காலிகக் கோப்பை அழித்துவிடுவார். ஒவ்வொரு மாணவருக்கும் இதே வரிசைதான். தற்காலிகக் கோப்பை உருவாக்கு, எழுத்துருவைத் திற, பெயரை வரை, சேமி, ஒட்டு, அழி.

1019ஆவது மாணவரின் பெயரில் 'ஸ்ரீ' இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. தமிழ்க் கணிமையில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவர்கள் யாருக்கும் அந்த எழுத்தின் மீது சந்தேகம் உண்டு. ஸகரத்தை வைத்தும் அதை எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம். ஶகரம் 2005இல் வந்த யூனிகோடு 4.1இல்தான் தமிழுக்குச் சேர்ந்தது. அதற்கு முன்னால் தட்டச்சு செய்யப்பட்டவை எல்லாம் ஸகரத்தில் இருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, உள்ளே வேறு வேறு. பெயர் தேடலில் இதனால் அடிபட்ட அனுபவம் எனக்கு உண்டு. கிடைத்த பிழைச் செய்தியும் அதற்கு ஒத்துப்போனது. எழுத்துருவைத் திறக்கும் வரியில் நின்று, 'கேனாட் ஓப்பன் ரிசோர்ஸ்' என்றது. எழுத்துருவில் கோளாறு, பெயரில் ஸ்ரீ. முடிச்சுப் போட்டுவிட்டேன்.

ஒரு முழு நாள் அதில் போனது. எழுத்துருவை மாற்றினேன். பெயரில் உள்ள குறியீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கடைசியில் அந்த மாணவருக்கு மட்டும் தனியாக ஹால் டிக்கெட் எடுத்தேன். அழகாக வந்தது. பட்டியலில் அவருக்கு முன்னால் ஸ்ரீ உள்ள பதினொரு பேர் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் சரியாக வந்திருந்தது. இதை முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் எழுத்துருக் கோப்பின் அனுமதிகளைத் துருவினேன். கோப்பு இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது, யாரும் படிக்கலாம்.

அன்று மதியம் நேரில் போனேன். அக்கா மேசையில் கோடு போட்ட நோட்டு ஒன்று திறந்திருந்தது. ப்ரோக்ராம் நின்றதும் அவர் அதை மூடித் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எங்கே விட்டது என்று தெரிய வேண்டுமே, அதற்காகக் குறித்து வைத்திருக்கிறார். முதல் வரியில் 1018. அடுத்தது 2036. அடுத்தது 3054. 

நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1018, அதன் இரு மடங்கு, அதன் மும்மடங்கு. மூன்று தடவையும் நின்ற இடத்தில் வேறு வேறு மாணவர்கள், வேறு வேறு துறைகள். ஸ்ரீக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மாணவர் யார் என்பது ஒரு பொருட்டே இல்லை. எத்தனையாவது தடவை என்பது மட்டும்தான் பொருட்டு. அக்கா தொலைபேசியில் சொன்னது அதைத்தான்.

கணினியோடு பழகிய யாருக்கும் 1018 என்றதும் பக்கத்தில் நிற்கும் எண் கண்ணில் படும், 1024. அந்தக் கணினியின் இயங்குதளமான லினக்ஸில் ஒரு ப்ரோக்ராம் ஒரே சமயத்தில் திறந்து வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை வைத்துச் சொல்லலாம். செருப்பைக் கொடுத்தால் டோக்கன் தருவார்கள். லினக்ஸும் அப்படித்தான். ஒரு கோப்பைத் திறந்தால் ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். காலியாக இருப்பதில் ஆகச் சிறிய எண் எதுவோ அது. மூடினால் அந்த எண் திரும்பிப் போய் அடுத்தவருக்குக் கிடைக்கும். ஒரு ப்ரோக்ராமுக்கு 1024 டோக்கன், 0 முதல் 1023 வரை. 0, 1, 2 மூன்றும் பிறக்கும்போதே போய்விடும். உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி ஆகியவற்றுக்கு. இந்த ப்ரோக்ராம் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் எழுத ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தது, தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பு வைத்திருந்தது. இணைப்புக்கும் ஒரு டோக்கன் வேண்டும். ஆக ஐந்து. மிச்சம் 1019. ஒவ்வொரு ஹால் டிக்கெட்டும் ஒரு டோக்கனை வாங்கித் திருப்பித் தராமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1019ஆவது மாணவருக்குத் தற்காலிகக் கோப்பு உருவாகும்போது கடைசி டோக்கனும் போய்விடும். அடுத்த வரியில் எழுத்துரு வந்து வரிசையில் நிற்கும், கொடுக்க ஒன்றும் இருக்காது. கணக்கு ஒன்றுகூட முன்னே பின்னே போகாமல் பொருந்தியது.

எழுத்துருவின் மீது எந்தத் தவறும் இல்லை. அது ஒவ்வொரு முறையும் டோக்கன் வாங்கி, வேலை முடிந்ததும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. டோக்கன் தீர்ந்த நேரத்தில் வந்து நின்றது, அவ்வளவுதான். பிழைச் செய்தியும் முழுதாக உதவவில்லை. பைத்தான் தானே ஒரு கோப்பைத் திறக்கப் போயிருந்தால், திறந்த கோப்புகள் அதிகமாகிவிட்டன என்று காரணத்தைச் சொல்லியிருக்கும். எழுத்துருவைத் திறப்பது ஃப்ரீடைப் என்ற இன்னொரு லைப்ரரி. அது ஏன் திறக்க முடியவில்லை என்று சொல்லாது, திறக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும்.

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ப்ராக் என்ற அடைவில் (ஃபோல்டரில்) ஒரு வீடு உண்டு. அதற்குள் எஃப்.டி என்ற அறையில் அது கையில் வைத்திருக்கும் டோக்கன்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒரு பக்கம் ப்ரோக்ராமை ஓட விட்டு மறுபக்கம் அந்த அறையைப் பார்த்தேன். 5, 6, 7, 8 என்று ஏறிக்கொண்டே போனது, ஒன்றும் இறங்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தற்காலிகப் படக் கோப்பைக் காட்டியது, பக்கத்தில் 'டெலிட்டட்' என்ற குறிப்போடு. தற்காலிகக் கோப்புகள் இருக்க வேண்டிய அடைவுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுகூட இல்லை, சுத்தம்.

எனக்கு முன்னால் இருந்தவரின் மீது எனக்கு மதிப்புக் கூடியது அந்த இடத்தில்தான். குப்பை சேரக் கூடாது என்று அவர் ஒவ்வொரு கோப்பையும் அழித்திருக்கிறார். ஆனால் லினக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் அடைவிலிருந்து அதன் பெயரை எடுப்பது மட்டும்தான். யாராவது அதைத் திறந்து வைத்திருக்கும் வரை கோப்பின் உள்ளடக்கம் வட்டில் அப்படியே இருக்கும், டோக்கனும் அவர்கள் கையிலேயே இருக்கும். செருப்பை எடுத்துக்கொண்டு போயாயிற்று. டோக்கன் சட்டைப் பையில் கிடக்கிறது.

திறந்தது யார்? அதுதான் இதில் நுட்பமான இடம். தற்காலிகக் கோப்புக்காக அவர் அழைத்தது எம்கேஸ்டெம்ப் என்ற ஃபங்ஷன். அது இரண்டு பொருள் தரும். ஒன்று டோக்கன் எண், இன்னொன்று கோப்பின் பாதை. அவருக்குப் பாதை மட்டும்தான் தேவைப்பட்டது, இரண்டாவதை எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டார். பார்த்தால் குற்றமாகவே தெரியாது. பாதையை மட்டும் தரும் எம்கேடெம்ப் என்ற பழைய ஃபங்ஷன் ஒன்று இருந்தது. அது ஒரு பெயரைச் சொல்லும், நாம் போய் அந்தப் பெயரில் கோப்பைத் திறப்பதற்குள் வேறொருவர் அதே பெயரில் ஒன்றை வைத்துவிடலாம். பாதுகாப்பு ஓட்டை. அதனால் பைத்தான் 2.3இல் அதை ஒதுக்கிவிட்டு எம்கேஸ்டெம்பைக் கொண்டுவந்தார்கள். பெயர் வைப்பதும் திறப்பதும் ஒரே அடியில் நடக்கும். திறந்தே கைக்கு வருவதுதான் அதன் பாதுகாப்பு. மூட வேண்டியது வாங்கியவர் பொறுப்பு.

பைத்தான் இதை ஏன் தானாகச் செய்யவில்லை என்று கேட்கலாம். வழக்கமான முறையில் திறக்கும் கோப்பு பைத்தானுக்கு ஒரு பொருள். ஃபங்ஷன் முடிந்து அதை யாரும் பிடித்திருக்கவில்லை என்றால், நாம் பயன்படுத்தும் பைத்தான் பெரும்பாலும் உடனே மூடிவிடும். அந்தச் சௌகரியத்தில் பழகிப் போகிறோம். எம்கேஸ்டெம்ப் தருவது வெறும் முழு எண். 5 என்ற எண்ணை யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் எண் போய்விடும், அவ்வளவே. அதன் பின்னால் ஒரு கோப்பு திறந்து கிடக்கிறது என்று பைத்தானுக்கு எப்படித் தெரியும்?

இத்தனை வருடம் ஏன் வெளியே வரவில்லை என்பதற்கும் பதில் கிடைத்தது. முன்பெல்லாம் துறை துறையாக எடுப்பார்கள். பெரிய துறையிலேயே அறுநூறு பேர்தான். ஒரு துறை முடிந்ததும் ப்ரோக்ராம் முடிந்துவிடும், டோக்கன்கள் எல்லாம் லினக்ஸிடம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வருடம்தான் 'அனைவருக்கும்' என்று ஒரு பொத்தான் வந்தது. அதை வைத்தவன் நான். பத்து மாணவர்களை வைத்துச் சோதித்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி இதைச் சொன்னதும் உடன் வேலை பார்ப்பவர் சொன்னார்: "யூலிமிட்டை 65,536 ஆக்கிடுங்க, முடிஞ்சுது." யூலிமிட் என்பது அந்த 1024 வரம்பை மாற்றும் கட்டளை. ஒரு வரி வேலைதான். நியாயமாகவே ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும் சர்வர்களுக்கு அப்படி உயர்த்தத்தான் வேண்டும். 1024 ஒன்றும் வேதவாக்கு இல்லை. செலக்ட் என்ற பழைய ஃபங்ஷன் அதற்கு மேல் உள்ள எண்களைக் கையாளாது என்பதால்தான் அந்த வரம்பு இன்னும் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் ப்ரோக்ராமுக்கு ஒரு சமயத்தில் ஏழெட்டு டோக்கனுக்கு மேல் தேவையே இல்லை. வரம்பை உயர்த்தினால் பிழை போகாது, தேதி மாறும். 1019ஆவது மாணவர் தப்பிப்பார், ஐந்து வருடம் கழித்து வேறொரு கல்லூரியில் எல்லாரையும் நாள் முழுக்க ஒரே ப்ரோக்ராமில் ஓட விடும்போது, எங்களில் யாரும் அங்கே இல்லாத நேரத்தில், அது வரும்.

மூடித் திறப்பதும் அதே மாதிரிதான். அக்காவுக்கு அதைவிட வேறு வழி இல்லை, அவர் செய்தது சரி. ப்ரோக்ராம் எழுதுகிற நாம் அதை மருந்தாக ஏற்றுக்கொள்வதுதான் ஆபத்து. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு 1991 பிப்ரவரி 25 நினைவுக்கு வரும். வளைகுடாப் போரின்போது சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படை முகாமின் மீது ஒரு ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 வீரர்கள் இறந்தார்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய பேட்ரியட் அமைப்பு அதன் மீது ஏவப்படவே இல்லை. அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் எழுதினால் முடிவே வராது. 24 பிட்டுக்குள், அதாவது 24 இரும இலக்கங்களுக்குள், அடக்க வாலை வெட்டினார்கள். ஒரு தடவைக்கு வரும் பிழை ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு அளவுதான். மீண்டும் மீண்டும் அதே கணக்கு. அந்த அமைப்பு 100 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தப்படாமல் ஓடியிருந்தது. பிழை மூன்றில் ஒரு விநாடியாக வளர்ந்திருந்தது. அந்த வேகத்தில் வரும் ஏவுகணைக்கு அது அரைக் கிலோமீட்டருக்கு மேல். வானத்தில் தவறான இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 1992இல் வெளியிட்ட அறிக்கையில் இதைவிட வலிக்கும் ஒரு விஷயம் உண்டு. எட்டு மணி நேரம் ஓடினாலே குறி நகர்கிறது என்று இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11 வாக்கில் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்கள். 21ஆம் தேதி எல்லா முகாம்களுக்கும் ஓர் எச்சரிக்கை போனது, மிக நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி நகரலாம் என்று. மிக நீண்ட நேரம் என்றால் எவ்வளவு என்று அதில் இல்லை. இருபது மணி நேரம் என்று ஓர் எண் இருந்திருந்தால், யாராவது அதற்கு முன்னால் ஒரு முறை நிறுத்தி இயக்கியிருக்கக்கூடும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26ஆம் தேதி. ஒரு நாள் தாமதம்.

ஹால் டிக்கெட்டையும் போரையும் ஒப்பிடுவது என் நோக்கம் இல்லை. ஆனால் 'கொஞ்ச நேரம் ஓடினதும் நின்னுருது' என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு நேரம், எத்தனையாவது தடவை என்று கேட்டு எழுதிக்கொள்வதை நான் அன்றிலிருந்து விட்டதில்லை. எண்ணைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம். 100க்குச் சற்று முன்னால் நின்றால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் இணைப்புகள் மூடப்படுகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். 151 என்றால் மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம். விண்டோஸில் பத்தாயிரத்தை நெருங்கும்போது திரையில் பொத்தான்கள் வரையப்படாமல் காணாமல் போனால், தூரிகைகளையும் எழுத்துருக்களையும் யாரோ திருப்பித் தரவில்லை. 49.7 நாள் என்றால் 32 பிட்டில் மில்லி விநாடியாக எண்ணும் கணக்கு நிரம்பிவிட்டது. விண்டோஸ் 95 அதில்தான் உறைந்தது. 248 நாள் என்றால் நூறில் ஒரு விநாடியாக எண்ணும் கணக்கு நிரம்பிவிட்டது. 2015இல் போயிங் 787 விமானத்தின் மின் உற்பத்திக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றி அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது இதனால்தான். எண் ஒழுங்காக இல்லாமல், ஒரு நாள் நானூறு, ஒரு நாள் தொள்ளாயிரம் என்று அலைந்தால் அது பெரும்பாலும் நினைவகம். ஒவ்வொரு அழைப்பும் கொஞ்சம் நினைவகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, எவ்வளவு என்பது அந்தந்தத் தரவைப் பொறுத்தது.

திருத்தம் நான்கைந்து வரிதான். எம்கேஸ்டெம்பை அழைக்கும் வரியைக் கீழே இறக்கினேன். பெயரை வரைந்து முடித்த பிறகு, சேமிக்கும் நேரத்தில் மட்டும் கோப்பு உருவாகட்டும் என்று. வரைவதில் ஏதாவது தவறினால்கூட அந்த நேரத்தில் டோக்கன் கையில் இருக்காது. வந்த எண்ணை விட்டுவிடாமல் பைத்தான் கோப்புப் பொருளாக மாற்றி, வித் என்ற கட்டுக்குள் வைத்து, அதன் வழியாகவே படத்தை எழுதினேன். கட்டை விட்டு வெளியே வரும்போது, ஒழுங்காக வந்தாலும் பிழையில் விழுந்து வந்தாலும், மூடப்பட்டுவிடும். கடைசியில் ஒரு வரியில் மூடு என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடுவில் ஒரு பிழை வந்தால் அந்த வரிக்குக் கட்டுப்பாடு வந்து சேராது.

ஆனால் திருத்துவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். இந்த வேலையில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி அதுதான். வரம்பை உயர்த்தச் சொன்னாரே, நான் குறைத்தேன். 1024ஐ 32 ஆக்கினேன். என் கணக்கு சரியென்றால், 32இல் 5 போக 27. பழைய ப்ரோக்ராம் 26 ஹால் டிக்கெட் கொடுத்துவிட்டு 27ஆவதில், எழுத்துருவைத் திறக்கும் அதே வரியில் விழ வேண்டும். ஓட்டுவதற்கு முன்னாலேயே 27 என்று தாளில் எழுதி வைத்தேன். ஓட்டினேன். 27இல் விழுந்தது, அதே செய்தியோடு. திருத்திய பிறகு அதே 32 வரம்பில் 3,412 பேருக்கும் ஓட்டினேன். எஃப்.டி அறையில் 0 முதல் 4 வரை அசையாமல் நின்றன. 5 மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது, நடுவில் எப்போதாவது 6. அந்தச் சோதனை இன்றும் இருக்கிறது. யார் எதை மாற்றினாலும் முதலில் 32 டோக்கனோடு அதைத் தாண்டி வர வேண்டும்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போய்ப் புதியதை ஏற்றிவிட்டு, அக்காவையே ஓட்டச் சொன்னேன். 'அனைவருக்கும்' பொத்தானை அழுத்திவிட்டு நோட்டைத் திறந்து, பேனாவோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1018 வந்தது. இருவரும் பேசவில்லை. 1019, 1020. "தாண்டிருச்சுங்க தம்பி" என்றார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. 2036இல் ஒருமுறை, 3054இல் ஒருமுறை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். முடிந்ததும் நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, நேராக 3412 என்று எழுதி அடிக்கோடு போட்டார்.